டைப் 1 சர்க்கரையோடு ஹாஸ்டலில் இருப்பது எப்படி?

ஹாஸ்டல் மெஸ்ஸில் எட்டு மணிச் சாப்பாடு எட்டரைக்கும் வரும், சில நாள் தீர்ந்தும் போயிருக்கும். கடிகாரத்தைப் பார்த்து ஊசி போட்டுவிட்டு வரிசையில் நின்றால் அங்கேயே லோ சுகர் வந்துவிடும். ரெகுலர் இன்சுலினைச் சாப்பாட்டுக்கு 30 நிமிடம் முன்பு போட வேண்டும். லிஸ்ப்ரோ, அஸ்பார்ட் போன்ற வேக வகைக்கு 10–15 நிமிடம் போதும். வேக வகையைத் தட்டு கைக்கு வந்தபின் போட்டால் சுகர் கொஞ்சம் கூடுதலாக ஏறும், அவ்வளவுதான். ரெகுலர் போடுபவர்கள், மெஸ் நேரத்தைச் சொல்லி, வேக வகைக்கு மாற்ற முடியுமா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

நடுத்தர இட்லி ஒன்றில் சுமார் 12 கிராம் மாவுச்சத்து, ஒரு கப் சோற்றில் 45. மெஸ் கரண்டி எத்தனை கப் என்று ஒரே ஒருநாள் அளந்து பாருங்கள். வருஷம் முழுக்க உதவும். மெஸ் டீயில் சர்க்கரை ஏற்கெனவே கலந்திருக்கும், மறக்க வேண்டாம்.

குப்பி இன்சுலின் போடுபவர்களுக்கு ஓர் ஆபத்து உண்டு. நம் ஊரில் குப்பி, ஒரு மில்லிக்கு 40 யூனிட் என்ற அளவிலும் கிடைக்கும், 100 யூனிட் என்ற அளவிலும் கிடைக்கும். 40-க்கான சிரிஞ்சுக்குச் சிவப்பு மூடி, 100-க்கு ஆரஞ்சு. 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் எடுத்தால் இரண்டரை மடங்கு மருந்து உடம்பில் ஏறிவிடும். புதுக் கடையில் வாங்கும்போது குப்பியையும் சிரிஞ்சையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

திறக்காத இன்சுலினுக்கு 2–8 டிகிரி. பொது ஃபிரிட்ஜில் ஃப்ரீசர் பக்கம் தள்ளிவிடுவார்கள். உறைந்துபோனதை உருகவைத்துப் போடக் கூடாது, தூக்கி எறியுங்கள். திறந்ததைப் பெரும்பாலும் 28 நாள் வரை, 30 டிகிரிக்குக் கீழே வெளியிலேயே வைக்கலாம். அறை கொதித்தால், பெரிய மண்சட்டிக்குள் சின்னதை வைத்து இடையில் ஈர மணல் போட்டு, மருந்தை நனையாத டப்பாவில் உள்ளே வையுங்கள். சென்னை போன்ற புழுக்கத்தில் ஈரம் சீக்கிரம் ஆவியாகாது என்பதால் குளிர்ச்சி குறைவாகவே இருக்கும்.

சுகர் 70-க்குக் கீழே இறங்கினால் 3 டீஸ்பூன் குளுக்கோஸ் பொடியையோ சர்க்கரையையோ தண்ணீரில் கலந்து குடியுங்கள். 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். ஏறாவிட்டால் இன்னொரு தடவை. சாக்லேட் வேண்டாம், அதிலுள்ள கொழுப்பு சர்க்கரையை மெதுவாகத்தான் விடும். மாலையில் கிரிக்கெட் ஆடினால் நள்ளிரவுக்கு மேலும் இறங்கலாம், படுக்கும் முன் பார்த்துவிடுங்கள். ரூம்மேட்டுக்கு இரண்டு விஷயம் தெரிந்திருக்க வேண்டும்: குளுக்கோஸ் எங்கே இருக்கிறது, நினைவு தப்பினால் வாயில் எதையும் ஊற்றாமல், ஒருக்களித்துப் படுக்கவைத்து 108-ஐ அழைக்க வேண்டும்.

காய்ச்சல், வாந்தி வந்தால் ‘சாப்பிடவே இல்லையே’ என்று பலர் இன்சுலினை அடியோடு நிறுத்திவிடுகிறார்கள். நீண்ட நேர இன்சுலினை நிறுத்தவே கூடாது. வாந்தியோடு சுகர் 250-ஐத் தாண்டினால் சிறுநீரில் கீட்டோன் (இன்சுலின் போதாதபோது உடம்பில் சேரும் அமிலப் பொருள்) இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், காலைவரை காத்திருக்கக் கூடாது.

பரீட்சைக்கு முன்பே டாக்டர் கடிதத்தோடு தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலருக்கு எழுதி மீட்டர், குளுக்கோஸ், தண்ணீருக்கு அனுமதி வாங்குங்கள். ஹாலில் லோ வந்தால், எண் சரியான பிறகும் மூளை தெளிய அரை மணி நேரம் பிடிக்கலாம். அந்த நேரத்தில் எழுதிய கணக்குகளைக் கடைசியில் ஒருமுறை சரிபாருங்கள்.