கறுப்பு மணல் ஈயக்கல்தானா? துத்தநாகத் தகட்டில் பாருங்கள்

மலேசியாவில் கோலாலம்பூரின் சுங்கை பெசி, அம்பாங் பக்கத்துப் பழைய ஈயக்குட்டை மணலில் கேசிட்டரைட்டும் (ஈயக்கல், அதாவது வெள்ளீயத் தாது) இல்மனைட்டும் (இரும்பு-டைட்டானியத் தாது) ஒரே கறுப்பாய்க் கலந்து கிடக்கும். மணிகளைக் கழுவி, துத்தநாகத் தகட்டில் வைத்து, 10% ஹைட்ரோகுளோரிக் அமிலம் சில சொட்டு விடுங்கள். சில நிமிடத்தில் சாம்பல் பளபளப்பு படிந்தால் கேசிட்டரைட். மணி தகட்டைத் தொடாவிட்டால் படியாது. ஹைட்ரஜன் வெளியேறும், அருகே நெருப்பு ஆகாது.

அந்தக் கேசிட்டரைட் எந்த வகைப் பாறையில் விளைந்தது என்பதற்கு, மணியில் லேசர் பாய்ச்சி அதிலுள்ள தனிமங்களை அளக்கும் லேசர் அளவீடு வேண்டும். நியோபியம், டான்டலம் கூடுதலென்றால் பெரும்பாலும் பெக்மடைட் (பெரிய படிகங்கள் கொண்ட அனற்பாறை). அவை குறைந்து டங்ஸ்டன் ஏறினால் பாறைப் பிளவில் வெந்நீர்க் கரைசல் படிந்த நரம்பு. ஆனால் ஒரே மணியில் கரும்பட்டையும் வெளிர்பட்டையும் வேறு வேறு எண் காட்டும். ஒற்றைப் புள்ளியை நம்பவே கூடாது. உள்ளே சிக்கிய கொலம்பைட் (நியோபியத் தாது) துணுக்கும் நியோபியத்தைத் திடீரெனத் தூக்கிவிடும். சிக்னலில் அந்தக் கூர்முனையை வெட்டிவிட்டே சராசரி எடுங்கள்.