சாயக்கோடு கலையாமல் ஓட: ரேனால்ட்ஸ் சோதனை

குழாயில் நீர் சீராக ஓடுகிறதா, சுழன்று கலங்குகிறதா என்பதைச் சாயக்கோட்டால் காட்ட, 1883-இல் ஆஸ்போர்ன் ரேனால்ட்ஸ் மான்செஸ்டரில் செய்துகாட்டிய சோதனை இது. 20 மி.மீ. உள்விட்டக் கண்ணாடிக் குழாய், நீர்மட்டம் மாறாத தொட்டி, மெல்லிய ஊசி, சாயமாக நீர்த்த பெர்மாங்கனேட் கரைசல் போதும்.

தொட்டியை நிரப்பி, அரை மணி நேரமாவது அசையாமல் விடுங்கள். ஓட்டத்தை வெளிவாய் வால்வில் மட்டும் கூட்டுங்கள், குறையுங்கள். நுழைவாயில் திருகினால் அங்கேயே சுழல் பிறந்துவிடும்.

பலரும் கோட்டைவிடுவது ஊசியில்தான். சாயம் நீரின் வேகத்திலேயே இறங்க வேண்டும். வேகமாகத் தள்ளினால் அந்தப் பீச்சலே ஓட்டத்தைக் குலைக்கும். கரைசல் அடர்ந்திருந்தால் கோடு அடியில் தாழும்.

30 டிகிரி செல்சியஸ் நீரில், வெளிவாயில் 1 லிட்டர் சேர 40 வினாடி ஆனால் ரேனால்ட்ஸ் எண் (ஓட்டம் சீரானதா, கலங்கியதா என்று கணிக்க உதவும் எண்) சுமார் 2000. 20 டிகிரியில் அதே எண்ணுக்கு 32 வினாடிதான். குளிர்ந்த நீருக்குப் பாகுநிலை, அதாவது ஓட்டத்தைத் தடுக்கும் தன்மை, அதிகம். வெப்பமானி இல்லாமல் கணக்குப் போடாதீர்கள். மேசையருகே பம்ப் ஓடினாலும் கோடு முன்கூட்டியே நடுங்கும்.