பள்ளி மேலாண்மைக் குழு: ஊரும் ஆசிரியர் சங்கமும் தலைமையாசிரியரும் சறுக்கும் இடங்கள்

2009 கல்வி உரிமைச் சட்டப்படி அரசுப் பள்ளிகளில் பள்ளி மேலாண்மைக் குழு கட்டாயம். உறுப்பினர்களில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். தமிழ்நாட்டில் 2022-ல் பள்ளிதோறும் பெற்றோரைக் கூட்டி, இருபது பேர் கொண்ட குழுக்களைப் புதிதாக அமைத்தார்கள். ஆக, அமைப்பு கையில் இருக்கிறது. ஆனால் பெற்றோர், ஆசிரியர், நிர்வாகம் மூன்று பேரும் ஒரே மேசைக்கு வந்த பிறகும் பல ஊர்களில் ஒன்றும் நகர்வதில்லை, அதற்குக் காரணமான தவறுகள் பெரும்பாலும் ஒரே மாதிரியானவை.

முதல் தவறு, குழுவைக் கையெழுத்துக்கு மட்டும் வைத்திருப்பது. தீர்மான நோட்டு வீட்டுக்கு வரும், அம்மா கையெழுத்துப் போடுவார், கூட்டம் நடந்ததாகக் கணக்கு. பள்ளி நடப்பதைக் கண்காணிப்பது, வளர்ச்சித் திட்டம் தயாரிப்பது, வருகிற நிதி எதற்குச் செலவாகிறது என்று பார்ப்பது எல்லாம் சட்டம் இந்தக் குழுவுக்குக் கொடுத்த வேலை என்பதை அந்த அம்மாவிடம் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். கூலி வேலைக்குப் போகிறவர்களை நடுப்பகலில் கூப்பிட்டுவிட்டு "பெற்றோருக்கு அக்கறையே இல்லை" என்று சொல்வதும் இதே தவறுதான். நேரத்தை அவர்களிடம் கேட்டு வையுங்கள்.

அடுத்தது எனக்கு மிகவும் வருத்தம் தருவது: சங்கத்தை எதிரியாகப் பார்ப்பது. 2019 ஜனவரியில் ஆசிரியர், அரசு ஊழியர் சங்கங்களின் கூட்டமைப்பான ஜாக்டோ-ஜியோவின் வேலைநிறுத்தம் நடந்தபோது, பழைய ஓய்வூதியம் கேட்கிறவர்களுக்குப் பிள்ளைகளைப் பற்றி என்ன கவலை என்று பெற்றோர் பலர் கோபப்பட்டார்கள். கோபத்தில் நியாயம் இருந்தது, பொதுத்தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது. ஆனால் 2003 ஏப்ரல் முதல் பணியில் சேர்ந்தவர்களுக்கு அந்த ஓய்வூதியம் கிடையாது என்பதை ஊருக்குப் போராட்டத்துக்கு முன்பே யாராவது உட்கார்ந்து விளக்கினார்களா? சங்கங்களின் பக்கம் உள்ள தவறு இதுதான், போராடும்போது மட்டும் ஊரின் ஆதரவைக் கேட்பது. ஓய்வூதியம் சென்னையில் முடிவாகிற விஷயம், அதை ஊர்க் கூட்டத்தில் தீர்க்க முடியாது. காலிப் பணியிடம் அப்படியில்லை, அதில் ஊரும் சங்கமும் சேர்ந்து நிற்கலாம்.

2022-ல் 13,331 காலியிடங்களைத் தற்காலிக ஆசிரியர்களைக் கொண்டு நிரப்ப அரசு முடிவெடுத்து, நியமிக்கும் பொறுப்பைப் பள்ளி மேலாண்மைக் குழுக்களிடம் கொடுத்தது. மாதம் 7,500 ரூபாயிலிருந்து 12,000 ரூபாய் வரை சம்பளம். தகுதித் தேர்வில் வென்று வேலைக்குக் காத்திருந்தவர்கள் எதிர்த்தார்கள், வழக்கு உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போனது. பெற்றோருக்கோ வகுப்பில் யாராவது இருந்தால் போதும் என்ற அவசரம், அதுவும் புரிந்துகொள்ளக் கூடியதுதான். தற்காலிக ஆள் வந்ததும் காலியிடம் நிரம்பிவிட்டதாக நினைத்து விட்டுவிடுவதுதான் தவறு. நிரந்தர ஆசிரியர் வேண்டும் என்ற தீர்மானம் குழுவிலிருந்து மாவட்டக் கல்வி அலுவலருக்குப் போகட்டும், அதே கோரிக்கையைச் சங்கத்தின் வட்டாரக் கிளையும் கொடுக்கட்டும். எந்தப் பள்ளியில் எத்தனை இடம் காலி, இடமாறுதல் கலந்தாய்வு எப்போது என்பதெல்லாம் சங்கத்துக்காரர்களுக்கு நன்றாகத் தெரியும். குழுவில் இருக்கும் ஆசிரியர் பிரதிநிதி சங்கத்தின் சார்பில் வந்தவரல்ல என்பதால் அந்த விவரமெல்லாம் மேசைக்கு வராமலே போகிறது, ஒரு கூட்டத்துக்குக் கிளைச் செயலாளரையும் அழைத்துப் பாருங்கள்.

அப்புறம், "சார் பாடமே நடத்துவதில்லை" என்று ஆரம்பிப்பது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் தவிர வேறு பணிகளுக்கு ஆசிரியரை அனுப்பக் கூடாது என்று அதே சட்டத்தின் 27-ஆம் பிரிவு சொல்கிறது. பதிவேடு, எமிஸ் (கல்வித்துறையின் இணையத் தகவல் தளம்) பதிவேற்றம் என்று வகுப்பு நேரம் எவ்வளவு போகிறது என்று முதலில் கேளுங்கள். அதைத் தீர்மானமாக எழுதினால் ஆசிரியர்கள் உங்கள் பக்கம் நிற்பார்கள். அதன் பிறகு தாமதமாக வருகிறவரைப் பற்றிப் பேசினாலும் சண்டையாகாது.

தலைமையாசிரியரை நடுவில் தனியாக விட்டுவிடுவதும் நடக்கிறது. மேலே அதிகாரி, இந்தப் பக்கம் சக ஆசிரியர்கள், அந்தப் பக்கம் வார்டு உறுப்பினர். கழிப்பறைக்குத் தண்ணீர் வரவில்லை என்றால் அவரைத் திட்டுவதால் தண்ணீர் வராது, அந்தக் கோரிக்கையை ஊராட்சியிடம் கொண்டுபோக வேண்டியவர் குழுவில் இருக்கும் வார்டு உறுப்பினர். போட்ட தீர்மானம் என்ன ஆனது என்று அடுத்த கூட்டத்தில் முதல் வேலையாக வாசிக்கச் சொல்லுங்கள், யாரிடம் நிற்கிறது என்று பெயரோடு.