மாற்று வீரரும் மணிக்கூடும்: புதிய மத்தியஸ்தர்கள் விடும் பிழைகள்

திருகோணமலையில் உதைபந்தாட்டத் தொடர்கள் தொடங்கிவிட்டால் ஏகாம்பரம் மைதானத்துக்கோ மக்கெய்சர் அரங்குக்கோ போய்விடுவேன். சனம் பந்தைப் பார்க்கும். நான் விசில் பிடித்த தம்பிமாரைப் பார்ப்பேன். அவர்கள் விடும் பிழைகளில் முக்கால்வாசி நாங்களும் ஒரு காலத்தில் விட்டவைதான். பென்சில் கொண்டுவராதது, மணிக்கூட்டை அழுத்த மறந்தது எல்லாம் இரண்டு மூன்று ஆட்டங்களில் தானாகத் திருந்திவிடும், அவற்றை விட்டுவிடுகிறேன். நேரம் கடத்தும் அணியைச் சமாளிக்கப் போய் விடுகிற பிழைகள் அப்படிப் போவதில்லை.

அவசரப்பட்டு உள்ளே விடுவது

இதைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும்.

ஒரு அரையிறுதி. ஒன்றுக்குப் பூச்சியம் என்று முன்னிலையில் இருந்த கழகம் கடைசி நேரத்தில் மாற்று வீரர் கேட்டது. வெளியேற வேண்டியவர் எதிர்க் கோட்டுப் பக்கம், தொடை பிடித்துக்கொண்டது என்று நொண்டி நொண்டி வந்தார். "இழுத்து வெளியில போடு றெஃபரி!" என்று சனம் கத்த, தம்பிக்குப் பதற்றம். நடுக்கோட்டில் நின்ற மாற்று வீரரைக் கையசைத்து உள்ளே கூப்பிட்டு, த்ரோவுக்கும் விசில் ஊதிவிட்டார். மற்றவர் இன்னும் மைதானத்துக்குள். பந்து அவரிடமே போனது, நொண்டலை மறந்து அவர் தட்டிவிட்ட பந்து இரண்டாவது கோலாக முடிந்தது.

மாற்று வீரர் உள்ளே கால் வைத்த கணமே மாற்றம் முடிந்துவிடுகிறது. வெளியேற வேண்டியவர் அதற்குப் பிறகு வீரரே இல்லை, மைதானத்தில் மேலதிகமாக நிற்கும் ஆள். அவருடைய அணி கோல் போட்டு, ஆட்டம் மறுபடி தொடங்குமுன் மத்தியஸ்தருக்கு விளங்கினால், கோலை இரத்துச் செய்து அவர் நின்ற இடத்தில் எதிரணிக்கு நேரடி ஃப்ரீ கிக் கொடுக்க வேண்டும். நடுவிலிருந்து பந்தை உதைத்துவிட்டார்களோ, கோல் கோல்தான். தம்பி உதைக்க விட்டுவிட்டார். அப்புறம் முறைப்பாடு, வாய்த்தர்க்கம், ஏற்பாட்டாளர்களின் மேசையைச் சுற்றி அரை மணி நேரம். மிச்சம் பிடிக்க நினைத்தது அரை நிமிடம்!

எங்கள் ஊரில் மட்டும் நடப்பதில்லை. 2022 ஏப்ரலில் பிரைபேர்க் கழகத்துக்கு எதிரான ஆட்டத்தில் பயேர்ன் மியூனிக் சில நொடிகள் 12 பேருடன் விளையாடியது. வெளியேற வேண்டிய பயேர்ன் வீரர் கோமானின் பழைய எண்ணான 29 மாற்றப் பலகையில் காட்டப்பட்டது, அவர் அப்போது அணிந்திருந்ததோ 11. தன்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று தெரியாமல் அவர் நின்றுவிட்டார், புதியவர்கள் உள்ளே வந்துவிட்டார்கள். பிரைபேர்க் முறையிட்டும் முடிவு மாறவில்லை. மத்தியஸ்தர்கள் தங்கள் கடமையில் தவறியதாகவே ஜேர்மன் உதைபந்தாட்டச் சங்கத்தின் விளையாட்டு நீதிமன்றம் சொன்னது.

ஒழுங்கு இதுதான்: ஆட்டம் நிற்க வேண்டும், உங்களுக்கு அறிவித்திருக்க வேண்டும், போகிறவர் கோட்டைத் தாண்ட வேண்டும், நீங்கள் சைகை காட்ட வேண்டும். அதற்குப் பிறகுதான் மற்றவர் நடுக்கோட்டால் நுழையலாம். பிறகு தலைகளை எண்ணுங்கள். சனம் கத்தட்டும். போகும் நேரத்தைக் கடைசியில் சேர்த்துக் கொடுக்க உங்களுக்கு அதிகாரம் இருக்கிறது. பன்னிரண்டாவது ஆளைக் கடைசியில் கழிக்க முடியாது.

கிட்டிய கோட்டை மறப்பது

2019 முதல், வெளியேறுகிறவர் தனக்குக் கிட்டிய எல்லைக் கோட்டால் போக வேண்டும். நம்முடைய பழைய பயிற்றுநர்கள் இன்னும் "இஞ்சால வா" என்று மறுபக்கத்திலிருந்து கூப்பிடுவார்கள், பையனும் மைதானம் முழுக்க நடந்து எல்லோருடனும் கைகுலுக்கிவிட்டு வருவான். கையை நீட்டி இடத்தைக் காட்டுங்கள், போதும். அந்தப் பக்கம் கோட்டோடு ஒட்டி எதிரணி ஆதரவாளர்கள் கொதித்துக்கொண்டு நின்றால் நடுக்கோட்டால் வரச் சொல்லலாம். பாதுகாப்பையும் காயத்தையும் சட்டமே காரணமாக ஏற்கிறது.

மெதுவாக நடப்பவருடன் வாதாடுவது

அவருக்கு வேண்டியதே அதுதான். ஒருமுறை சொல்லுங்கள், கேட்காவிட்டால் மஞ்சள் அட்டை. போகவே மாட்டேன் என்று நின்றால் மாற்றம் இல்லை, ஆட்டத்தைத் தொடருங்கள். தோளில் கை வைத்துத் தள்ளிக்கொண்டு போகும் வேலை மட்டும் வேண்டாம்.

பொக்கற்றில் கை வைத்து மிரட்டுவது

வைத்தால் அட்டையை எடுங்கள்.

எண்பதாவது நிமிடம் வரை பொறுப்பது

நேரம் கடத்துவது இருபதாவது நிமிடத்திலேயே தொடங்கிவிடும். பந்தை எடுத்துக்கொண்டு நடப்பார்கள், த்ரோ எறியப் போய்ப் பந்தை இன்னொருவரிடம் கொடுப்பார்கள். அப்போதே அட்டை காட்டினால் மிச்ச ஆட்டம் ஓரளவு நேராகப் போகும். கடைசியில் காட்டினால், அதை வாங்கியவர் சிரித்துக்கொண்டு போவார்.

கோல் காப்பாளருக்குப் பழைய கணக்கு

பந்தைக் கையில் வைத்திருக்க ஆறு நொடி, மீறினால் மறைமுக ஃப்ரீ கிக் என்பதெல்லாம் போய்விட்டது. 2025 ஜூலை முதல் எட்டு நொடி, மீறினால் எதிரணிக்குக் கோர்னர். கடைசி ஐந்து நொடியையும் கையை உயர்த்தி, விரலால் எண்ணிக் காட்ட வேண்டும். மனதுக்குள் எண்ணிவிட்டுத் திடீரென்று கோர்னர் கொடுத்தால் யார் ஒத்துக்கொள்வார்கள்?

அறிவித்த நிமிடத்தில் ஊதிவிடுவது

பாதி முடிவில் சேர்க்கும் நிமிடமாகப் பலகையில் காட்டும் எண் ஆகக் குறைந்த அளவு. கூட்டலாம், குறைக்க முடியாது. நான்கு நிமிடம் என்று காட்டி, அதில் இரண்டு நிமிடம் ஒருவர் நிலத்தில் கிடந்தால், அந்த இரண்டும் நான்குக்கு வெளியே இருக்கிறது. கத்தாரில் 2022 உலகக் கிண்ணத்தில் இங்கிலாந்து – ஈரான் ஆட்டத்தின் முதல் பாதிக்கு 14 நிமிடம் கொடுத்தார்கள். இங்கே ஐந்து கொடுக்கவே கை நடுங்குகிறது.

முதல் பாதியில் விட்ட நேரத்தை இரண்டாம் பாதியில் தீர்ப்பது

கூடாது.

தண்ணீரையும் வெளிச்சத்தையும் கடைசியில் யோசிப்பது

கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் பின்னேரம் நான்கு மணிக்கும் மணல் கொதிக்கும். தொடர் விதி அனுமதித்தால் தண்ணீர் இடைவேளை ஒரு நிமிடத்துக்கு மேற்படாமலும், உடல் சூட்டைத் தணிக்கும் இடைவேளை ஒன்றரை முதல் மூன்று நிமிடம் வரையும் கொடுக்கலாம். இரண்டையும் குழப்பாதீர்கள், போன நேரத்தைக் குறித்துக்கொண்டு கடைசியில் சேருங்கள்.

விளக்கில்லாத மைதானங்களில் ஆறு மணி தாண்டினால் பந்து தெரியாது. பாதிகளைக் குறைப்பதென்றால், அதுவும் தொடர் விதி இடம் கொடுத்தால், முதல் விசிலுக்கு முன்னரே இரண்டு கப்டன்களையும் கூப்பிட்டுப் பேசி முடிக்க வேண்டும். இடையில் பேசத் தொடங்கினால் முன்னிலையில் நிற்கும் கழகத்துக்கு இருட்டிவிட்டிருக்கும், பின்தங்கிய கழகத்துக்கு இன்னும் நல்ல பகல். அந்தச் சண்டையில் போகிற நேரத்தைச் சேர்த்துக் கொடுக்கவும் வெளிச்சம் இருக்காது.