கீசர் சத்தம் போட்டால் புதுப் பையன்கள் செய்யக் கூடாதவை

கார்த்திகை பிறந்துவிட்டால் கும்பகோணம் பக்கம் கீசர் ரிப்பேர் பார்க்கும் எங்களுக்கு ஓய்வே கிடையாது. கோடை முழுக்கச் சும்மா கிடந்த கீசரை ஊரே ஒரே வாரத்தில் போடும். "உள்ளே என்னமோ உருளுது தம்பி" என்று போன் வரும். புதிதாகத் தொழிலுக்கு வந்த பையன்கள் போனதுமே ஸ்பேனரை எடுத்துவிடுகிறார்கள். மெயினை அணைப்பது, தொட்டியில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்ப்பதெல்லாம் அவர்களுக்கே தெரியும். அதை விட்டுவிடுகிறேன்.

எப்போது சத்தம் என்று கேட்காமல் கழற்றுவது

சூடேறும்போது மட்டும் பொரிகிற மாதிரி சத்தம் வந்தால், தண்ணீரைச் சூடாக்கும் காயிலில் உப்பு படிந்திருக்கிறது. போர் தண்ணீரில் உள்ள சுண்ணாம்பு ஏடு ஏடாக ஒட்டிக்கொள்ளும். அதற்கடியில் சிக்கிய நீர் ஆவியாகி வெடித்து வெளியேறும் சத்தம் அது. குழாயை மூடியதும் ஒரே ஒரு 'டொம்' என்றால் கீசர் மேல் குற்றமில்லை. வேகமாக ஓடும் நீர் சட்டென்று நிற்பதால் பைப் அதிர்கிறது. பிரஷர் பம்ப் வைத்த வீடுகளிலும், வாஷிங் மெஷின் லைனிலும் இது அதிகம். வெந்நீரைத் திறந்தபின் சுவருக்குள் 'டிக் டிக்' என்றால், சூட்டில் நீளும் சிபிவிசி (வெந்நீருக்கான பிளாஸ்டிக்) பைப், அதைப் பிடித்திருக்கும் கிளாம்பில் உரசுகிறது. மேல்தொட்டி காலியாகி நிரம்பிய பிறகு குழாய் துப்பித் துப்பி வந்தால் வெறும் காற்றுதான். "கீசர் ஆஃப்ல இருக்கும்போதும் கேட்குதாம்மா?" என்ற ஒரு கேள்வியிலேயே பாதி வேலை முடிந்துவிடும்.

சேஃப்டி வால்வுக்கு டம்மி போடுவது

இதைப் பார்த்தால் எனக்கு இன்றும் ஆத்திரம் வருகிறது. அழுத்தம் கூடினால் நீரை வெளியே விடும் அந்த வால்வு 'ஸ்ஸ்' என்று சீறுகிறது, சொட்டுகிறது. வீட்டுக்காரர் முகம் சுளிக்கிறார். உடனே டெஃப்லான் டேப் சுற்றி, வால்வின் வாயை அடைக்க ஒரு டம்மி மூடியைத் திருகிவிட்டுக் கூலியை வாங்கிக்கொண்டு போய்விடுகிறார்கள்.

மயிலாடுதுறைப் பக்கம் ஒரு வீட்டில் அப்படித்தான் நடந்தது. "சொட்டுறது நின்னுடுச்சு. ஆனா சூடேறும்போது டங் டங்குனு கேட்குது" என்றார் அந்த அம்மா. மெயினை அணைத்து, நன்றாக ஆறவிட்டுப் பார்த்தேன். கீசரின் அடிப்பக்கம் உப்பியிருந்தது. வெல்டிங் ஓரமாகத் துருநீர் கசிந்தது. சில நூறு ரூபாய் வால்வோடு முடிந்திருக்க வேண்டியது, புது கீசரில் போய் நின்றது. அந்த வீட்டில் குழந்தைகள் அதே குளியலறையில்தான் குளிக்கிறார்கள்.

25 லிட்டர் தண்ணீர் 25 டிகிரியிலிருந்து 75 டிகிரிக்குப் போனால் சுமார் அரை லிட்டர் கூடுகிறது. பல கீசர்களில் அந்த வால்வே தண்ணீர் பின்னால் திரும்பாமலும் தடுக்கிறது. அப்படியானால் கூடிய நீருக்கு வெளியேற அந்தச் சிறு வாய் ஒன்றுதான் வழி. மாடித் தொட்டியிலிருந்து வரும் அழுத்தம் கொஞ்சம்தான்; 10 மீட்டர் உயரத்துக்கே சுமார் 1 பார். கீசர் தொட்டியைப் பிளக்கும் அழுத்தம் உள்ளே சூட்டில்தான் உண்டாகிறது. அதோடு சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டும், சூடு மீறினால் கரண்டைத் துண்டிக்கும் கட்அவுட்டும் பழுதானால் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டும். தொட்டி பிளக்கும் நொடியில் அதில் ஒரு பகுதி ஆவியாகும். நீர் ஆவியானால் சுமார் 1,600 மடங்கு இடம் கேட்கும். சுவர் தாங்காது.

சூடேறும்போது மட்டும் நாலு சொட்டு விழுந்தால் வால்வு தன் வேலையைச் செய்கிறது என்று அர்த்தம். சிறு ட்யூபைச் செருகித் தரைக் குழிக்கு விடுங்கள். எந்நேரமும் சொட்டினால் நெம்பியைத் தூக்கி ஒருமுறை நீரைப் பாய விடுங்கள்; வால்வு மூடி உட்காரும் சீட்டில் மண்ணோ உப்போ இருந்தால் போய்விடும். நிற்கவில்லையா, வால்வை மாற்றுங்கள். ஆவி கலந்து கொதிநீராக வந்தால் தெர்மோஸ்டாட்டைப் பாருங்கள்.

காயிலுக்கு ஆசிட்

ஊற்றாதீர்கள். கழற்றி வினிகரில் ஊற வைத்தால் போதும்.

காயிலை மட்டும் மாற்றிவிட்டு வருவது

அடியில் கிடக்கும் உப்புச் சில்லுகளை வாரி எடுக்காவிட்டால் சத்தம் போகாது. தான் கரைந்து தொட்டியைத் துருவிலிருந்து காக்கும் மெக்னீசியம் ராடையும் அப்போதே பாருங்கள். நாகை, வேதாரண்யம் கடலோர உப்புத் தண்ணீரில் அது சீக்கிரம் கரையும். நடுக்கம்பி வெளியே தெரிந்தால் அன்றே புதியது போட்டுவிடுங்கள்.