டைமிங் பெல்ட் அறுந்ததா, பல் தாண்டியதா? மறுபடி செல்ஃப் அடிப்பதற்கு முன் செய்ய வேண்டியவை

ஓடிக்கொண்டிருந்த கார் திடீரென்று அணைந்துவிடுகிறது. சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட்டர் மோட்டார் வழக்கத்தைவிட வேகமாக, தடையே இல்லாமல் 'விர்ர்' என்று ஒரே சீராகச் சுற்றுகிறது. என்ஜினில் கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் காற்று அழுந்துவது) இல்லை என்று அந்தச் சத்தமே சொல்லிவிடும். உடனே சாவியிலிருந்து கையை எடுங்கள். தள்ளி ஸ்டார்ட் செய்யவும் வேண்டாம். முதல் அடியில் தப்பிய வால்வுகள்கூட அடுத்தடுத்து செல்ஃப் அடிக்கும்போது வளையக்கூடும்.

காரணம் இதுதான். பிஸ்டன்கள் சுற்றவைக்கும் கிராங்க்ஷாஃப்ட் 2 சுற்று சுற்றினால், வால்வுகளைத் திறந்து மூடும் கேம்ஷாஃப்ட் 1 சுற்று சுற்ற வேண்டும். இந்தக் கணக்கைக் காப்பது டைமிங் பெல்ட்டின் பற்கள். பெல்ட் அறுந்தால் கேம்ஷாஃப்ட் சட்டென்று நிற்கும்; அந்த நேரத்தில் திறந்திருந்த வால்வுகள் திறந்தபடியே நின்றுவிடும். கிராங்க்ஷாஃப்ட்டோ வேகம் அடங்கும்வரை சுற்றும். நிமிடத்துக்கு 800 சுற்று என்ற ஐடில் வேகத்திலேயே அது விநாடிக்கு 13 சுற்று. இண்டர்ஃபியரன்ஸ் வகை என்ஜினில் வால்வும் பிஸ்டனும் ஒரே இடத்தை முறை வைத்துப் பயன்படுத்துகின்றன. முறை தவறினால் மோதல். எரியறை மிகச் சிறியது என்பதால் டீசல் என்ஜின்களில் பெரும்பாலானவை இந்த வகையே. மற்ற வகையில் என்ஜின் நின்றுபோகும், அவ்வளவுதான்.

பல் தாண்டுவது வேறு கதை. கிராங்க் பல்சக்கரத்தில் 20 பல் இருந்தால், பெல்ட் ஒரு பல் தாண்டுவது 18 டிகிரி விலகலுக்குச் சமம். வண்டி ஓடும், ஆனால் ஐடிலில் நடுங்கும், இழுவை இருக்காது, செக் என்ஜின் விளக்கு எரியும், ஸ்கேனரில் பி0016 (கிராங்க், கேம் நிலைகள் பொருந்தவில்லை) போன்ற கோடு வரலாம். சென்சார் கோளாறு என்று நினைத்து அப்படியே ஓட்டாதீர்கள். தளர்ந்த பெல்ட் இன்னும் இரண்டு பல் தாண்டினால் பிஸ்டன் வால்வில் இடிக்கலாம்.

படி 1: பார்ப்பது. பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றுங்கள். டைமிங் பெல்ட்டின் மேல் கவரை எடுத்துப் பாருங்கள். பெல்ட் முழுசாகத் தெரிந்தாலும் நம்ப வேண்டாம். கீழே கிராங்க் பல்சக்கரத்தைச் சுற்றிய இடத்தில் மட்டும் பற்கள் உரிந்திருக்கலாம். கியரை நியூட்ரலில் வைத்து, கிராங்க் போல்ட்டில் ஸ்பேனர் போட்டு, என்ஜின் வழக்கமாகச் சுற்றும் திசையில் மெல்லத் திருப்புங்கள். கிராங்க் அசைந்து கேம் அசையாவிட்டால் பல் போய்விட்டது. கெட்டியாகத் தடுத்தால் அங்கேயே நிறுத்துங்கள்.

படி 2: காரணம் கண்டுபிடிப்பது. இதைத் தாண்டிப் போகிறவர்கள்தான் புதுப் பெல்ட்டையும் சீக்கிரமே அறுக்கிறார்கள். பழைய பெல்ட்டைக் கையில் எடுத்துப் பாருங்கள். ரப்பர் ஊறி மெத்தென்று இருந்தால் ஆயில் சீல் கசிகிறது. ஒரு பக்க ஓரம் மட்டும் தேய்ந்து நூல் பிசிறு தொங்கினால் டென்ஷனரோ (பெல்ட்டை இறுக்கும் உருளை) ஐட்லரோ (பெல்ட்டுக்கு வழிகாட்டும் உருளை) சாய்ந்திருக்கிறது. பற்கள் வரிசையாக உரிந்திருந்தால் ஏதோ ஒன்று இறுகிப் பிடித்திருக்கலாம்: வாட்டர் பம்ப், ஐட்லர் பேரிங், கேம்ஷாஃப்ட் என ஒவ்வொன்றையும் கையால் சுற்றிப் பாருங்கள். பேரிங் கரகரத்தால் அதை மாற்றியே ஆக வேண்டும்.

படி 3: மார்க் வைப்பது, அதாவது கிராங்க், கேம் பல்சக்கரங்களிலுள்ள அடையாளங்களை அவற்றுக்குரிய இடத்தில் பொருத்துவது. புதியவர்கள் வால்வை வளைத்துவிடும் இடம் இது. பெல்ட் இல்லாதபோது பிஸ்டன் உச்சியில் இருக்க, கேமைச் சுற்றினால் வால்வு இறங்கிப் பிஸ்டனில் இடிக்கும். எனவே 4 சிலிண்டர் இன்லைன் என்ஜினில், முதலில் கிராங்க்கை அதன் மார்க்கிலிருந்து 90 டிகிரி தள்ளி நிறுத்துங்கள். நான்கு பிஸ்டன்களும் பாதி வழியில் நிற்கும். பிறகு கேமை அதன் மார்க்குக்குக் கொண்டுவாருங்கள். கடைசியாகக் கிராங்க்கை மெல்ல அதன் மார்க்குக்குத் திருப்புங்கள்.

படி 4: பெல்ட் மாட்டுவது. கிராங்க் பல்சக்கரத்தில் தொடங்கி, இழுபடும் பக்கம் தொய்வில்லாமல் கேம்வரை கொண்டுபோங்கள். மிஞ்சும் தொய்வு முழுவதும் டென்ஷனர் பக்கம் வர வேண்டும். ஸ்க்ரூ டிரைவரால் நெம்பி ஏற்றாதீர்கள், பெல்ட்டை மடிக்காதீர்கள். உள்ளே இருக்கும் கண்ணாடி இழை முறிந்தால் வெளியே தெரியாது. டென்ஷனை வைத்தபின் கிராங்க்கைக் கையால் முழுதாக 2 சுற்று சுற்றி மார்க்குகளை மறுபடி பாருங்கள். அரைப் பல் விலகித் தெரிந்தாலும் கழற்றித் திரும்ப மாட்டுங்கள். பெல்ட்டுடன் டென்ஷனர், ஐட்லர், அந்தப் பெல்ட்டில் ஓடும் வாட்டர் பம்ப் எல்லாவற்றையும் சேர்த்தே மாற்றுங்கள். போல்ட்டுகளின் டார்க் (இறுக்கும் விசை) அளவை உங்கள் என்ஜினின் சர்வீஸ் மேனுவலில் பார்த்து இறுக்குங்கள்.

படி 5: கம்ப்ரஷன் பார்ப்பது. பெட்ரோல் என்ஜினுக்கு: பேட்டரியை இணைத்து, ஸ்பார்க் பிளக் எல்லாவற்றையும் கழற்றி, எரிபொருளையும் இக்னிஷனையும் துண்டித்து, ஆக்சிலரேட்டரை முழுதாக மிதித்தபடி ஒவ்வொரு சிலிண்டரிலும் கேஜை வைத்துச் சில விநாடி செல்ஃப் அடியுங்கள். பொதுவாக 10 முதல் 14 பார் வரும். சரியான அளவு மேனுவலில் இருக்கும். ஒரு சிலிண்டர் மட்டும் பூஜ்யத்துக்கு அருகில் நின்றால் அதில் ஒரு தேக்கரண்டி என்ஜின் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். அளவு கூடினால் பிஸ்டன் ரிங் தேய்மானம். கூடாவிட்டால் பெரும்பாலும் வால்வு வளைந்திருக்கிறது.

படி 6: ஹெட் (சிலிண்டர்களுக்கு மேல் வால்வுகள் இருக்கும் பகுதி) இறக்குவது. வால்வு வளைந்தால் வேறு வழியில்லை. இறக்கிய ஹெட்டைக் கவிழ்த்து வைத்து, எரியறைக் குழிகளில் மண்ணெண்ணெய் ஊற்றுங்கள். எந்த வால்வின் விளிம்பில் கசிந்து போர்ட்டுக்குள் (காற்றோ புகையோ போகும் வழி) இறங்குகிறதோ அது உட்காரவில்லை. வால்வைத் தட்டி நிமிர்த்த முயல வேண்டாம், மாற்றத்தான் வேண்டும். வால்வு கைடையும் (வால்வின் தண்டு ஏறி இறங்கும் குழல்) பாருங்கள். பிஸ்டன் தலையில் பிறை வடிவில் லேசான தழும்பு மட்டும் இருந்தால் பெரும்பாலும் அப்படியே ஓட்டலாம். விரிசலோ ஆழமான பள்ளமோ இருந்தால் பிஸ்டனையும் மாற்ற வேண்டும்.