மதிய வெயிலில் மந்தமாகும் மடிக்கணினி: லினக்ஸ் கெர்னலின் வெப்பக் கட்டுப்பாட்டைப் படிப்படியாகப் பார்த்தறிதல்

மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கம் தகரக் கூரை போட்ட எங்கள் தோட்டத்து வீட்டில், மதியம் இரண்டு மணியைத் தாண்டினால் என் பழைய மடிக்கணினி மந்தமாகிவிடும்; மாலை மழை பெய்து ஓய்ந்ததும் பழையபடி ஓடும். பழுது பார்க்கக் கொண்டுபோன இடத்தில் மதர்போர்டையே மாற்றச் சொன்னார்கள். உண்மையில், சூடு தாங்காமல், லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னல்தான் வேகத்தைக் குறைத்துக்கொண்டிருந்தது. உங்கள் கணினியிலும் அப்படித்தானா என்பதைக் கீழ்க்கண்டவாறு நீங்களே பார்க்கலாம்.

முதற்படியாக, கோப்பு மேலாளரில் கணினியின் மூல அடைவுக்குப் போய், அங்குள்ள 'சிஸ்' அடைவைத் திறந்து, அதனுள் 'கிளாஸ்', அதனுள் 'தெர்மல்' என்று செல்லுங்கள். பெயர்கள் திரையில் ஆங்கில எழுத்தில் இருக்கும். ஒலிப்பைக் கொண்டு அடையாளம் காணலாம். அங்குள்ள 'தெர்மல் ஜோன்' அடைவு ஒவ்வொன்றும் ஒரு வெப்ப உணரியைக் குறிக்கும். எந்த உணரி என்பதை 'டைப்' கோப்பு சொல்லும். 'டெம்ப்' கோப்பில் 86000 என்று இருந்தால் பதற வேண்டாம்; அது ஆயிரத்தில் ஒரு பாகை அலகு, அதாவது 86 பாகை செல்சியஸ். சில கணினிகளில் ஏதாவதோர் உணரி நாள் முழுதும் ஒரே எண்ணைக் காட்டும். அதை விட்டுவிட்டு அடுத்ததைப் பாருங்கள்.

அடுத்து, அதே 'தெர்மல் ஜோன்' அடைவில் உள்ள 'டிரிப் பாயின்ட்' கோப்புகளைப் படியுங்கள். இவை வெப்ப எல்லைகள். 'ஆக்டிவ்' எல்லையில் விசிறி சுழலும். 'பாசிவ்' எல்லையில் செயலியின் வேகம் குறையும். 'கிரிட்டிக்கல்' எல்லையைத் தொட்டால் கெர்னல் கணினியையே அணைத்துவிடும். என் கணினியில் பாசிவ் எல்லை 85000.

இனி, 'தெர்மல்' அடைவிலேயே உள்ள 'கூலிங் டிவைஸ்' அடைவுகளுக்கு வாருங்கள். இவை சூட்டைத் தணிக்கும் வழிகள். 'டைப்' கோப்பில் 'பிராசசர்' (செயலி) என்றிருக்கும் ஒன்றில் 'கர் ஸ்டேட்' கோப்பைத் திறந்தால், 0 என்பது கட்டுப்பாடு இல்லை என்று பொருள். எண் ஏற ஏற வேகம் குறையும். இரண்டரை மணிக்கு எனக்கு அது 3 காட்டியபோதுதான் மதர்போர்டின் மேல் பழியில்லை என்று புரிந்தது. இந்த எண்ணை ஏற்றி இறக்குவது 'கவர்னர்' என்னும் பகுதி. பெரும்பாலும் இருக்கும் 'ஸ்டெப் வைஸ்' கவர்னர், ரப்பர் புகைக்கூடத்தில் அடுப்புப் பார்ப்பவர் விறகை ஒவ்வொன்றாக உருவுவதைப் போல, வெப்பம் எல்லையைத் தாண்டி ஏறிக்கொண்டிருக்கும்வரை ஒவ்வொரு படியாகக் கூட்டி, தணியும்போது ஒவ்வொன்றாக விடுவிக்கும். 'பேங் பேங்' கவர்னருக்கு அந்த நிதானம் கிடையாது. விசிறியை ஒரு வெப்பநிலையில் போட்டு, அதைவிடச் சில பாகை தணிந்த பிறகே நிறுத்தும்.

ரூட் (கணினி நிர்வாகி) அனுமதியுடன் 'கர் ஸ்டேட்' எண்ணை நீங்களே மாற்றலாம். ஆனால் கவர்னர் அதைத் திருப்பி எழுதிவிடக்கூடும். கிரிட்டிக்கல் எல்லையில் மட்டும் கை வைக்காதீர்கள். பல மடிக்கணினிகளில் விசிறி கெர்னலுக்குக் கட்டுப்படாமல் தனிச் சில்லு ஒன்றின் பொறுப்பில் இருப்பதால், தெர்மல் அடைவில் அது தென்படாமலும் போகலாம்.

நான் எதையும் மாற்றவில்லை. பின்மூடியைக் கழற்றியபோது, சமையல் எண்ணெய்ப் புகையோடு சேர்ந்த தூசி விசிறிக்கும் செப்புத் தகடுகளுக்கும் இடையில் கம்பளித் துணிபோல் படிந்திருந்தது. அதைத் தூரிகையால் எடுத்துவிட்டு, மறுநாள் அதே இரண்டரை மணிக்குப் பார்த்தேன்: டெம்ப் 74000, கர் ஸ்டேட் 0.